வில்லிக்கு எந்த பெஞ்சில் இடம்?

சூப்பர் ஹீரோக்களையும் அவர்களுடைய எதிரிகளையும் பதினைந்து வயதுக்கு இறக்கி, தோளில் பையை மாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைக்கும் கதைகள் மீது எனக்குத் தீராத ஆசை உண்டு. கேட்வுமன் மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பாள்? பாய்சன் ஐவி அறிவியல் கண்காட்சிக்கு என்ன செடியைக் கொண்டுவந்திருப்பாள்? ஜோக்கரின் பெற்றோரைத் தலைமையாசிரியர் எத்தனை முறை கூப்பிட்டு அனுப்பியிருப்பார்? காமிக்ஸ், சினிமா, அனிமேஷன், கிராஃபிக் நாவல் என்று எல்லா வடிவங்களிலும் இந்த விளையாட்டு நடந்துகொண்டிருக்கிறது. ஆடிப் பார்க்கத் தகுந்த விளையாட்டுதான்.

பெரியவர்களின் கதையில் வில்லன் வரும்போதே வில்லனாகத்தான் வருகிறான். ஏன் அப்படி ஆனான் என்பதை ஒரு முன்கதைக் காட்சியில் சொல்லி முடித்துவிடுவார்கள். பள்ளிக்கூடக் கதையில் அவன் இன்னும் வில்லன் ஆகவில்லை. யார் ஹீரோ, யார் எதிரி என்று முடிவாகாத வயது அது. அந்த முடிவை யார் எடுக்கிறார்கள், எதை வைத்து எடுக்கிறார்கள் என்பதையெல்லாம் நம் கண்ணெதிரே நடத்திக் காட்ட முடியும். வில்லத்தனம் ரத்தத்தில் வருவதா, முதுகில் ஒட்டப்படும் சீட்டா என்ற கேள்வியைக் கேட்க இதைவிடத் தோதான இடம் கிடையாது.

அந்தக் கேள்வியை நான் கொஞ்சம் குறுக்கிக் கேட்கப் போகிறேன். தப்பு செய்யும் பையனுக்கும் தப்பு செய்யும் பெண்ணுக்கும் இந்தப் பள்ளிகள் ஒரே மாதிரிதான் இடம் தருகின்றனவா?

தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன: வில்லன், வில்லி. சினிமா வில்லன் ஊரையே அழிக்கப் பார்ப்பான். சீரியல் வில்லி குடும்பத்தைக் கெடுக்கப் பார்ப்பாள். ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் பெரும்பாலும் ஒரே சொல்தான். ஆனால், சொல் ஒன்றாக இருப்பதால் நடத்தும் விதமும் ஒன்றாகிவிடவில்லை. மூன்று பெண்களை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். அதற்கு முன், ஒரு பழைய பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்துவிடுவோம்.

முதல் நாள், முதல் முத்தம்

சூப்பர் ஹீரோக்களுக்கான பள்ளி என்ற யோசனையை எல்லோருக்கும் பழக்கப்படுத்தியது ‘எக்ஸ்-மென்’. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1963இல் தொடங்கிய காமிக்ஸ். பேராசிரியர் சேவியர் நடத்தும் பள்ளியில் ஐந்து பேர் படிக்கிறார்கள். நான்கு பேர் பையன்கள். ஐந்தாவதாக, முதல் இதழிலேயே, ஜீன் கிரே வந்து சேர்கிறாள். பொருட்களைக் கையால் தொடாமல் மனதாலேயே நகர்த்தக்கூடியவள்.

அவள் வரும் காட்சியைப் பாருங்கள். பையன்கள் ஜன்னலில் முண்டியடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவன், பிற்பாடு குழுவின் அறிவாளியாகப் பெயரெடுக்கப்போகும் ஹேங்க், அறிமுகமான சற்று நேரத்திலேயே அவளை முத்தமிட வருகிறான். ஜீன் தன் சக்தியால் அவனை அந்தரத்தில் தூக்கிவிடுகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். காட்சி முடிந்தது. மூன்றாவது இதழில், அந்தப் பேராசிரியரே தன் மாணவியைக் காதலிப்பதாகவும் அதை அவளிடம் சொல்ல முடியாது என்றும் மனதுக்குள் மருகுகிறார். கதையில் அவர்தான் நல்லவர்களுக்குத் தலைவர்.

அறுபது வருடத்துக்கு முந்தைய கதையை இன்றைய கண்ணால் அடிப்பது என் நோக்கமல்ல. கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஒரு பெண் தன் சக்தியை அந்தப் பள்ளியில் வெளிக்காட்டும் தொடக்கக் காட்சியே தற்காப்புக்கானதாக இருக்கிறது. அது நகைச்சுவையாகவும் எழுதப்படுகிறது. ஹேங்க் அன்றைக்குச் செய்தது அவன் கதையில் எங்கும் பதிவாகவில்லை. அவன் ஹீரோ ஆவதற்கு அது ஒரு தடையே இல்லை. இந்த ஏற்பாடு பின்னால் வந்த பள்ளிகளிலும் தொடர்கிறது.

சூ டென்னியைத் தரம் பிரித்தவர் யார்?

2005இல் டிஸ்னி வெளியிட்ட ‘ஸ்கை ஹை’ குழந்தைகளுக்கான படம். இயக்கியவர் மைக் மிட்செல். வானத்தில் மிதக்கும் ஒரு உயர்நிலைப்பள்ளி. முதல் நாளே ஒவ்வொரு மாணவரும் மேடையேறித் தன் சக்தியைக் காட்ட வேண்டும். உடற்பயிற்சி ஆசிரியர் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: ஹீரோ அல்லது சைட்கிக். சைட்கிக் என்றால் ஹீரோவுக்கு எடுபிடி. வகுப்பும் வேறு, பாடமும் வேறு, சாப்பிடும்போது கிடைக்கும் மரியாதையும் வேறு.

படத்தின் நாயகன் வில். புகழ்பெற்ற ஹீரோ தம்பதியின் மகன். முதல் நாளில் அவனுக்கு எந்த சக்தியும் இல்லாததால் எடுபிடி வகுப்புக்குப் போகிறான். அவனுடைய தோழி லேலா செடிகொடிகளை ஆட்டிவைக்கக்கூடியவள். இப்படி மேடையேற்றித் தரம் பிரிப்பதே தவறு என்று சொல்லி, சக்தியைக் காட்ட மறுக்கிறாள். அவளும் எடுபிடி வகுப்புக்கே அனுப்பப்படுகிறாள். அந்தப் பள்ளியில் கொள்கைக்காக மதிப்பெண்ணை இழக்கும் ஒரே ஆள் அவள்தான். படம் அதை ஒரு நிமிடத்தில் கடந்துபோகிறது.

வில்லி யார் என்று பார்ப்போம். க்வென், மேல்வகுப்பில் படிக்கும் அழகி, கெட்டிக்காரி. இயந்திரங்களை மனதால் இயக்கும் சக்தி அவளுடையது. வில் அவள் மேல் காதலாகிறான். கடைசியில், அவள்தான் பழைய வில்லி ராயல் பெயின் என்று தெரிகிறது. அதற்கும் முன்னால் அவள் சூ டென்னி. வில்லின் பெற்றோர் படித்த காலத்தில் அதே பள்ளியில் படித்தவள். தொழில்நுட்பம் என்பதை ஒரு சக்தியாகவே அன்றைக்கு யாரும் மதிக்கவில்லை. அறிவியல் பைத்தியம் என்று ஒதுக்கி, எடுபிடி வகுப்பில் போட்டார்கள். தன் ஆயுதமே பழுதாகி அவளைக் கைக்குழந்தையாக்கிவிட, மறுபடி வளர்ந்து, வேறு பெயரில் அதே பள்ளிக்கு வருகிறாள். இரண்டாம் முறை அவள் ஹீரோ வகுப்பில் முதல் மாணவி.

இந்தக் கதையை நாம் ஒருமுறை சூ டென்னியின் பக்கமிருந்து சொல்லிப் பார்க்க வேண்டும். தன் காலத்துக்கு முன்பே பிறந்துவிட்ட ஒரு விஞ்ஞானி. பள்ளி அவளுக்கு இழைத்தது அநீதி என்பதைப் படமே ஒப்புக்கொள்கிறது. அந்தத் தரம் பிரித்தல் அபத்தம் என்பதைக் காட்டத்தான் மொத்தப் படமும் எடுக்கப்பட்டிருக்கிறது. எடுபிடிகள் சேர்ந்து பள்ளியைக் காப்பாற்றுகிறார்கள். அவர்களும் ஹீரோக்கள்தான் என்று பெரியவர்கள் பாராட்டுகிறார்கள். ஆனால், அந்த அநீதியை முதலில் அனுபவித்தவளிடம் யாரும் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிப்பதில்லை. அவள் செய்த குற்றத்துக்குத் தண்டனை உண்டு. பள்ளி செய்த குற்றத்துக்குக் கணக்கே இல்லை.

அதே படத்தில் வாரன் என்று ஒரு பையன். கையிலிருந்து தீ பறக்கும். வில்லனின் மகன். அப்பாவைச் சிறைக்கு அனுப்பிய கோபத்தில், சாப்பாட்டுக் கூடத்தில் வைத்து வில் மேல் தீயை வீசித் தாக்குகிறான். படம் முடிவதற்குள் அவன் வில்லின் உயிர் நண்பன். அவன் முறைப்புக்கும் மௌனத்துக்கும் பின்னால் ஒரு காயம் இருக்கிறது என்று நமக்கு நிதானமாகக் காட்டுகிறார்கள். கூடப் பேச ஒரு தோழி கிடைக்கிறாள். வேலை செய்யும் இடத்தில் வைத்து அவன் மனதைத் திறக்க ஒரு காட்சி கிடைக்கிறது. சூ டென்னிக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

நான் ஆசிரியையாக வேலை பார்த்த ஆண்டுகளில் ஆசிரியர் அறையில் அடிக்கடி காதில் விழுந்த இரண்டு வாக்கியங்கள் உண்டு. ஜன்னல் கண்ணாடியை உடைத்த பையனைப் பற்றி: “பசங்கன்னா அப்படித்தான், போகப்போகச் சரியாயிடுவான்.” எதிர்த்துப் பேசிய பெண்ணைப் பற்றி: “இப்பவே இப்படின்னா, நாளைக்கு?” இரண்டும் எதிர்காலத்தைப் பற்றிய வாக்கியங்கள். பையனின் எதிர்காலம் அவன் தப்பைக் கழுவிவிடும். பெண்ணின் எதிர்காலம் அவள் தப்பைப் பெருக்கும். வாரனுக்கு முதல் வாக்கியம் கிடைத்தது. சூ டென்னிக்கு இரண்டாவது. அமெரிக்கப் படத்தில் இதைப் பார்த்தபோது எனக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

ஹார்லியை எத்தனை முறை பள்ளிக்கு அனுப்புவது?

ஒரே பெண்ணைப் பல தடவை திருத்தி எழுதியதில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் ஹார்லி க்வின் போதும். பால் டினியும் ப்ரூஸ் டிம்மும் 1992இல் பேட்மேன் அனிமேஷன் தொடருக்காக உருவாக்கிய பாத்திரம் அவள். ஜோக்கரின் கையாளாக ஒரு எபிசோடுக்கு வந்தவள், ரசிகர்களுக்குப் பிடித்துப்போய் நிலைத்துவிட்டாள். 1994இல் இருவரும் சேர்ந்து ‘மேட் லவ்’ என்ற காமிக்ஸில் அவளுக்கு ஒரு முன்கதை எழுதினார்கள். ஹார்லீன் க்வின்செல், மனநல மருத்துவர். ஆர்க்கம் மனநல விடுதியில் ஜோக்கருக்குச் சிகிச்சை தரப்போய், அவன் சொல்லும் சோகக் கதைகளை நம்பிக் காதலாகி, வேலையையும் பேரையும் விட்டுவிட்டு அவன் பின்னால் போகிறாள். அவன் மெச்சுவான் என்று நம்பி, தானே பேட்மேனைப் பிடித்துக் கட்டிப்போடுகிறாள். தன்னால் முடியாததை அவள் செய்துவிட்டாளே என்ற ஆத்திரத்தில் ஜோக்கர் அவளை ஜன்னல் வழியே தள்ளிவிடுகிறான். கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் அவள், இனி அவன் முகத்திலேயே விழிப்பதில்லை என்று முடிவெடுக்கிறாள். அப்போது அவன் அனுப்பிய ஒரு பூ கண்ணில் படுகிறது. முடிவு கரைந்துபோகிறது.

குடும்ப வன்முறை பற்றி முதன்மை நீரோட்ட காமிக்ஸில் வந்த கூர்மையான கதைகளில் அது ஒன்று. அடித்தவன் அனுப்பும் பூவுக்கு இருக்கும் சக்தியை அது சரியாகப் புரிந்துவைத்திருந்தது. அதே கதையில் இன்னொன்றும் இருக்கிறது. ஹார்லீன் படிப்பில் தேறியது உழைப்பால் அல்ல, பேராசிரியரை மயக்கித்தான் என்று ஒரு சாடை. அதாவது, அவள் கெட்டுப்போவதற்கு முன்பே கெட்டவள்தான் என்று ஒரு சின்ன உத்தரவாதம். கற்பழிப்பு வழக்கில் பெண்ணின் பழைய நடத்தையைத் தோண்டும் வக்கீலின் தந்திரம் இது. பாதிக்கப்பட்டவளுக்கு நாம் முழுதாக இரங்கிவிடக் கூடாதாம்.

இவளைத்தான் பள்ளிக்கு அனுப்பினார்கள். அதுவும் மூன்று தடவை.

முதல் தடவை 2015இல். டிசி, வார்னர் ப்ரதர்ஸ், பொம்மை நிறுவனமான மேட்டல் மூன்றும் சேர்ந்து ‘டிசி சூப்பர் ஹீரோ கேர்ள்ஸ்’ என்ற தொடரைக் கொண்டுவந்தன. சிறுமிகளுக்கான குறும்படங்கள், புத்தகங்கள், பொம்மைகள். சூப்பர் ஹீரோ ஹை என்ற பள்ளி. தலைமையாசிரியர் அமாண்டா வாலர். வொண்டர் வுமன், சூப்பர்கேர்ள், பேட்கேர்ள், கட்டானா, பம்பிள்பீ ஆகியோரோடு ஹார்லி, ஐவி, கேட்வுமன் எல்லோரும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். ஹார்லிதான் வொண்டர் வுமனின் அறைத்தோழி. எந்நேரமும் வீடியோ எடுத்துக்கொண்டு, குறும்பு செய்துகொண்டு திரிபவள்.

சிறுமிகளுக்கென்று சூப்பர் ஹீரோ பொம்மைகள் கடைக்கு வந்ததை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. பையன்களின் வரிசையில் ஒரு ஓரத்தில் ஒற்றைப் பெண் பொம்மை தொங்கிக்கொண்டிருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். வில்லிகளும் ஹீரோக்களும் அறையைப் பகிர்ந்துகொள்வதும் அழகான கற்பனைதான். ஆனால், அந்த இடத்துக்காக ஹார்லி கொடுத்த விலை என்ன? அவளுடைய வில்லத்தனம் மொத்தமும் குறும்பாகச் சுருங்கிவிட்டது. கோபம் இல்லை. ஆபத்து இல்லை. அவள் யாரையும் பயமுறுத்துவதில்லை. பெஞ்சில் இடம் கிடைத்தது. பல்லைப் பிடுங்கிய பிறகு கிடைத்தது.

இரண்டாம் தடவை 2019இல், லாரன் ஃபாஸ்ட் அதே பெயரில் புதிதாக உருவாக்கிய தொலைக்காட்சித் தொடர். இதில் ஹீரோப் பெண்கள் மெட்ரோபோலிஸ் உயர்நிலைப்பள்ளியில் சாதாரண மாணவிகளாக, தங்கள் சக்தியை மறைத்துப் படிக்கிறார்கள். வில்லிகளுக்கும் பற்கள் திரும்ப வந்துவிட்டன. ஹார்லீன், பேட்கேர்ளாகப்போகும் பார்பராவின் சிறுவயதுத் தோழி. ஒருத்திக்கு மற்றவளின் ரகசியம் தெரியாது. இரவில் எதிரிகள், பகலில் உயிர்த்தோழிகள். பெண்களுக்கு இடையிலான நட்பும் பகையும் ஒரு ஆணைச் சுற்றியே சுழல வேண்டியதில்லை என்பதை இந்தத் தொடர் சிரமமே இல்லாமல் காட்டியது. ஹார்லிக்கு ஜோக்கர் காரணமாக இருக்க வேண்டிய அவசியமும் இதில் இல்லை. அடாவடி செய்வது அவளுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். பெண்ணின் சேட்டைக்குக் காரணம் கேட்காமல் விடுவது எவ்வளவு அபூர்வம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, அதே 2019இல் வந்த ‘ஹார்லி க்வின்: ப்ரேக்கிங் க்ளாஸ்’ கிராஃபிக் நாவல். எழுதியவர் மரிக்கோ தமாக்கி, வரைந்தவர் ஸ்டீவ் ப்யூ. இதை நான் மூன்றிலும் மேலாக வைப்பேன். பதினைந்து வயது ஹார்லீன் பாட்டியோடு தங்க கோத்தம் நகருக்கு வருகிறாள். பாட்டி இறந்துபோயிருக்கிறாள். அவளுக்கு அடைக்கலம் கொடுப்பவர் மாமா என்று அழைக்கப்படும் ஒரு டிராக் கலைஞர். ஆங்கிலத்தில் ‘மாமா’ என்றால் அம்மா. நம் காதுக்கு அது தாய்மாமனாகவும் கேட்பது தற்செயல்தான் என்றாலும் பொருத்தமாகவே இருக்கிறது. பள்ளியில் ஐவி என்ற தோழி கிடைக்கிறாள். பள்ளியின் திரைப்படக் குழு எப்போதும் ஆண்கள் எடுத்த படங்களையே போடுகிறது என்று சண்டைக்குப் போகிறவள் ஐவி. குழுவை நடத்துபவன் ஜான் கேன், பணக்கார வீட்டுப் பையன். அவன் குடும்ப நிறுவனம்தான் அந்தப் பகுதியை வளைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது. மாமாவின் வீட்டுக்கும் ஆபத்து வருகிறது. அப்போது முகமூடி போட்ட ஒருவன், தன்னை ஜோக்கர் என்று சொல்லிக்கொண்டு, உடைத்து எரித்துப் பழிவாங்கலாம் வா என்று ஹார்லீனைக் கூப்பிடுகிறான். முகமூடிக்குள் இருப்பவன் ஜான் கேன்.

தமாக்கி இங்கே செய்திருப்பது ஒரு இடமாற்றம். ‘மேட் லவ்’ கதையில் ஜோக்கர் ஒரு புதிர், பைத்தியம், இயற்கைச் சீற்றம் மாதிரி. இங்கே அவன் பின்புலமுள்ள பையன். உடைப்பது அவனுக்கு விளையாட்டு. உடைந்ததற்கு விலை கொடுப்பது வாடகை வீட்டில் இருப்பவர்கள். ஹார்லீனின் கோபத்துக்கோ முகவரி இருக்கிறது: வீடு. தன்னைச் சேர்த்துக்கொண்ட குடும்பத்தின் வீடு. அந்த நியாயமான கோபத்தைத் தன் விளையாட்டுக்குக் கடன் வாங்கப் பார்க்கிறான் அவன். இயக்கங்களில் இருந்த பெண்களுக்கு இந்த ஆளை அடையாளம் தெரியும். நம் கோபத்தைத் தூண்டிவிட்டு, வழக்கு வரும்போது காணாமல் போகிறவன்.

1994இல் ஹார்லி ஏன் வில்லி ஆனாள் என்ற கேள்விக்குக் காதல் என்று பதில் வந்தது. 2019இல் அதே கேள்விக்கு வீடு, வர்க்கம், தோழமை என்று பதில் வருகிறது. பள்ளிக்கு அனுப்பியதால் கிடைத்த லாபம் இதுதான். அவள் ஒரு ஆணைச் சந்திப்பதற்கு முன்பே அவளுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது என்று நமக்குத் தெரியவந்தது.

டோகா போட்டிருந்த சீருடை

இப்போது ஜப்பானுக்குப் போவோம். கோஹேய் ஹொரிகோஷி 2014 முதல் 2024 வரை எழுதி வரைந்த ‘மை ஹீரோ அகாடமியா’ மாங்காவை இன்றைய பதின்வயதினரில் ஏராளமானோர் படித்திருப்பார்கள், அல்லது அனிமேயாகப் பார்த்திருப்பார்கள். உலகத்தில் 80 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு விசேஷ சக்தி பிறவியிலேயே வாய்த்திருக்கிறது. அதில் தேர்ந்தவர்கள் யு.ஏ. உயர்நிலைப்பள்ளியில் ஹீரோவாகப் பயிற்சி பெறுகிறார்கள். கதை நடக்கும் வகுப்பில் தொடக்கத்தில் 20 பேர். அதில் பெண்கள் 6 பேர்.

அந்த வகுப்பில் இரண்டு பையன்களைப் பார்ப்போம். பகுகோ, முதல் அத்தியாயத்திலேயே, சக்தியில்லாத மிடோரியாவைப் பார்த்து, மாடியிலிருந்து குதித்துச் செத்துப்போ, அடுத்த பிறவியிலாவது சக்தி கிடைக்கும் என்கிற ரீதியில் பேசுகிறான். அதே வாயோடு ஹீரோ பள்ளியில் சேர்கிறான். பல ஆண்டுத் தொடர் அவனை மெல்ல மெல்ல மாற்றி, மன்னிப்புக் கேட்கவைத்து, வாசகர்களின் செல்லப்பிள்ளையாகவும் ஆக்குகிறது. அந்த மாற்றம் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு அதில் புகார் இல்லை.

புகார் மினேட்டா விஷயத்தில். பெண்கள் உடைமாற்றும் அறையின் சுவரில் இருக்கும் ஓட்டையில் கண்ணை வைப்பது, அவர்கள் குளிக்கும் இடத்தின் சுவரில் ஏறுவது, சமயம் பார்த்துத் தொடுவது என்று திரிகிறவன். வகுப்புத் தோழி ஜிரோ அந்த ஓட்டை வழியாகவே அவன் கண்ணில் குத்துகிறாள். அது நகைச்சுவைக் காட்சி. ஹேங்க்கை ஜீன் அந்தரத்தில் தூக்கி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது, ஜோக் மாறவில்லை. தற்காப்பு இன்னும் பெண்களின் சொந்தப் பொறுப்பு. மினேட்டா தொடர்ந்து ஹீரோ மாணவன். பள்ளி அவனுக்கு வெளியேறும் வழியைக் காட்டவே இல்லை.

இனி ஹிமிக்கோ டோகா. பதினேழு வயது வில்லி. மற்றவரின் ரத்தத்தைக் குடித்தால் அவராகவே உருமாறக்கூடிய சக்தி அவளுக்கு. பிடித்தவர்களின் ரத்தம் வேண்டும் என்று தோன்றுவது அந்த சக்தியோடு சேர்ந்தே பிறந்தது. குழந்தையாக இருக்கும்போது ஒரு பறவையின் ரத்தத்தைக் குடித்துவிட்டுச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பெற்றோர் அருவருக்கிறார்கள். சாதாரணமாக இரு, அப்படிச் சிரிக்காதே என்று பழக்குகிறார்கள். அவளும் ஒரு முகமூடியைப் போட்டுக்கொண்டு நல்ல பெண்ணாகப் பள்ளிக்குப் போகிறாள். நடுநிலைப்பள்ளி முடியும் நாளில் அது உடைகிறது. தனக்குப் பிடித்த பையனைக் கத்தியால் குத்தி ரத்தம் குடிக்கிறாள். தப்பி ஓடுகிறாள். அதன் பிறகு கதை முழுவதும் அவள் போட்டிருப்பது பள்ளிச் சீருடை. உள்ளே விட எந்தப் பள்ளியும் இல்லாத பெண் சீருடையைக் கழற்றாமல் திரிகிறாள். இந்தத் தொடரிலேயே என்னை மிகவும் தொந்தரவு செய்த உருவம் அது.

டோகா செய்தது வன்முறை. குத்துப்பட்ட பையன் ஒரு தவறும் செய்யாதவன். அவன் இசைவு இல்லாமல் அவன் உடலை எடுத்துக்கொண்டவளை, அவள் பெண் என்பதற்காகவே பெண்ணியம் தாங்கிப் பிடிக்க வேண்டியதில்லை. பிற்பாடு அவள் செய்த கொலைகளுக்கும் அதே பதில்தான். என் கேள்வி அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றியது. டோகாவின் ஆசைக்கு அந்த உலகத்தில் ஒரு பெயர்கூட இல்லை. பேசக்கூட இடமில்லை. மினேட்டாவின் ஆசைக்கோ பெயர் இருக்கிறது, ‘வயசுக் கோளாறு’. ஒருவனுடைய ஆசை மற்றவர்களைத் தொந்தரவு செய்துகொண்டே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். இன்னொருத்தியின் ஆசை, யாரையும் தொடாதபோதே நோய். டோகா பையன்கள் மீதும் பெண்கள் மீதும் காதல்கொள்கிறவள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சாதாரணமாக இரு என்ற அந்த வீட்டு உத்தரவை நம்மில் பலர் வேறு இடங்களில் கேட்டிருக்கிறோம் என்பது புரியும்.

ஹொரிகோஷிக்கு இது தெரியாமலில்லை. இறுதிப் போரில் டோகாவை எதிர்கொள்பவள் ஒச்சாக்கோ உரராக்கா. வீட்டின் பணக்கஷ்டம் தீர வேண்டும் என்பதற்காக ஹீரோ ஆக வந்தவள் அவள். அவள் டோகாவிடம் சண்டையை நிறுத்திப் பேசுகிறாள். உன் சிரிப்பு அழகாக இருக்கிறது என்கிறாள். உனக்கு வேண்டுமானால் என் ரத்தத்தைத் தருகிறேன் என்கிறாள். முதல்முறையாக அங்கே கேட்டு வாங்குவதும் கொடுப்பதும் சாத்தியமாகிறது. ஒரு ஹீரோ செய்யக்கூடிய உச்சபட்சக் காரியம் எதிரியைச் செவிமடுப்பதுதான் என்று இவ்வளவு நேரடியாகச் சொன்ன காட்சிகள் இந்த வகைக் கதைகளில் குறைவு. ஆனால், காயத்தில் உயிர் போய்க்கொண்டிருக்கும் உரராக்காவுக்குத் தன் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு டோகா இறந்துபோகிறாள். பின்கதையில் உரராக்கா, சக்திகள் குறித்து குழந்தைகளுக்கு ஆலோசனை தரும் திட்டத்தை விரிவுபடுத்தும் வேலையில் இறங்குகிறாள். சீர்திருத்தம் வருகிறது. யாருக்காக வந்திருக்க வேண்டுமோ, அவள் இல்லை.

இந்த மாங்காவில் ஆண் வில்லன்கள் மட்டும் பிழைத்தார்களா என்று கேட்கலாம். இல்லை. முக்கிய வில்லன் ஷிகராக்கியும் சாகிறான். அந்த வகையில் மரணம் பாலினம் பார்க்கவில்லை என்பது உண்மை. நான் ஒப்பிடுவது ஷிகராக்கியோடு அல்ல. வகுப்பறைக்குள்ளேயே இருந்த பையன்களோடு ஒப்பிடுகிறேன். பிறரைத் துன்புறுத்தியும் பள்ளிக்குள்ளேயே வைத்துத் திருத்தப்பட்டவர்களும், திருத்தப்படாமலே சிரித்து விடப்பட்டவர்களும் அதில் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்கூட இல்லை. அந்த வகுப்பின் ஆறு பெண்களும் நல்லவர்கள். பொறுப்பானவர்கள். கெட்ட பெண்ணுக்கு வகுப்பில் பெஞ்சே போடவில்லை.

காயத்தைக் காட்டினால்தான் மன்னிப்பா?

இந்த வகைக் கதைகள் வளர வளர, வில்லிகளுக்கு முன்கதை எழுதும் வழக்கமும் வளர்ந்திருக்கிறது. லாரன் மிராக்கிள் எழுதிய ‘கேட்வுமன்: அண்டர் த மூன்’ நாவலில் பதின்வயது செலினா, அம்மாவோடு வாழும் கொடூரமான ஆணிடமிருந்து தப்பித் தெருவுக்கு வருகிறாள். இதெல்லாம் சொல்லப்பட வேண்டிய கதைகள். வீட்டைவிட்டு ஓடும் பெண்ணை ஓடுகாலி என்று முத்திரை குத்தும் சமூகத்தில், ஏன் ஓடினாள் என்று கேட்பதே ஒரு அரசியல் செயல்பாடு.

ஆனாலும், எனக்குள் ஒரு நெருடல். ஒரு பெண் கெட்டவளாக இருக்க வேண்டுமானால், முதலில் தன் காயத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது எழுதப்படாத விதியாகிக்கொண்டிருக்கிறதோ? காட்டினால் பரிவு கிடைக்கும். காட்ட எதுவுமில்லை என்றால்? சும்மா கோபப்பட்டவள், பேராசைப்பட்டவள், முதலிடம் வேண்டும் என்று நினைத்தவள், சூ டென்னியைப் போல தன் மூளைக்கு உரிய மரியாதை கேட்டவள், இவர்களுக்கெல்லாம் எந்தக் கதவு? பையன்களிடம் நாம் அத்தாட்சி கேட்பதில்லை. மினேட்டாவின் குழந்தைப் பருவத்தில் என்ன சோகம் நடந்தது என்று யாரும் தேடவில்லை. தேவையே படவில்லை.

அதனால்தான் லாரன் ஃபாஸ்டின் ஹார்லீன் எனக்கு முக்கியமாகப்படுகிறாள். சோகக் கதையின் அனுமதிச்சீட்டு இல்லாமலே அடாவடி செய்பவள், அதற்காக மாட்டிக்கொள்பவள், மறுநாளும் தோழியோடு ஊர் சுற்றுபவள். அதனால்தான் தமாக்கியின் ஹார்லீனும் முக்கியம். கோபத்தின் முகவரியைத் தெரிந்துவைத்திருப்பவள் அவள். ஒருத்திக்குக் காரணம் தேவையில்லை, இன்னொருத்திக்குக் காரணம் தெளிவாக இருக்கிறது. இந்த இரண்டு விதப் பெண்களுக்கும் இடமுள்ள பள்ளியைத்தான் நான் கதைகளில் தேடுகிறேன்.

அந்தப் பள்ளியில் சூ டென்னியைத் தரம் பிரித்தவர் அவளிடம் வந்து வருத்தம் தெரிவிப்பார். லேலா மேடையேற மறுத்ததும் மற்ற பிள்ளைகளும் மறுப்பார்கள். ஜிரோ கண்ணில் குத்துவதற்கு முன்பே யாராவது பெரியவர் அந்த ஓட்டையை அடைத்திருப்பார். டோகா செய்ததற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால், உயிரோடிருந்து, படித்துக்கொண்டே பதில் சொல்வாள். இவையெல்லாம் கதைக்குள் எழுதிப் பார்க்க எந்த விசேஷ சக்தியும் வேண்டாம். ஒரு பெண் பிள்ளையின் தப்பைப் பார்த்து, அவளும் போகப்போகச் சரியாகிவிடுவாள் என்று சொல்லத் துணியும் ஒரு எழுத்தாளர் வேண்டும். அந்தக் கதையை நம் பெண்பிள்ளைகளே எழுதத் தொடங்கினால், வாங்கிப் படிக்க நான் வரிசையில் நிற்பேன்.